கனவுக்கும் ஹேண்டோவர்

நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்தவன், மதியம் இரண்டரைக்குக் கண் விழித்தேன். விழித்ததும் தலையை அசைக்கவில்லை. அசைத்தால் கனவு கொட்டிப்போகும் என்பது என் பல வருட அனுபவம். ஃபேனைப் பார்த்தபடியே கிடந்து, கிடைத்ததையெல்லாம் பொறுக்கிச் சேர்த்தேன்.

கம்பெனியில் லைன் ஓடுகிறது. கன்வேயரில் கியர் பாக்ஸுக்குப் பதிலாக எங்கள் அம்மாவின் அலுமினியக் குண்டான்கள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் நான்கு போல்ட் முடுக்குகிறேன். சூப்பர்வைசர் வேட்டியில் வந்து ரேஷன் கார்டு கேட்கிறார். எனக்கு ஒரு காலில்தான் ஷூ. திடீரென்று ஒரு ஷேர் ஆட்டோ லைனுக்குள் நுழைகிறது. டிரைவர் "சிங்கப்பெருமாள் கோவில்" என்று கத்துகிறார். ஏறி உட்கார்ந்தால், பக்கத்தில் அவன். தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டிருக்கிறான். "சொல்லட்டா?" என்கிறான். பதில் சொல்வதற்குள் முழிப்பு வந்துவிட்டது.

வேறு எவனாவது வந்திருந்தால் எழுந்து பல் விளக்கப் போயிருப்பேன். வந்தது அவன்.

பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு நானும் அவனும் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு வாடகை அறையில் இருந்தோம். நான் செய்யாறு பக்கம், அவன் தென்காசி பக்கம். ஆறு பேருக்கு மூன்று பாய்தான். ஷிப்டுக்குப் போகிறவன் எழுந்திருக்க, ஷிப்ட் முடித்து வருகிறவன் அதே பாயில் விழுவான். எனக்கும் அவனுக்கும் ஒரு பாய். இரண்டு வருடம் ஒரே பாயில் தூங்கியும் நாங்கள் சேர்ந்தாற்போல் ஒரு நாள்கூடத் தூங்கியதில்லை.

கம்பெனியில் ஷிப்ட் மாறும்போது போகிறவன் வருகிறவனிடம் மெஷின் எப்படி ஓடியது என்று சொல்லிவிட்டுப் போகவேண்டும். அதற்கு ஹேண்டோவர் என்று பெயர். அந்தப் பழக்கத்தில் நாங்கள் பாய்க்கும் ஹேண்டோவர் வைத்துக்கொண்டோம். எழுந்தவன் கண்ட கனவைச் சொல்லிவிட்டுத்தான் சட்டை போடவேண்டும். "இன்னாடா ஓடுச்சு ராத்திரி?" என்று கேட்டுக்கொண்டேதான் நான் அறைக்குள் வருவேன். அவன் கனவில் எப்போதும் யாராவது பந்தி பரிமாறுவார்கள், இவன் இலைக்கு வரும்போது சாம்பார் தீர்ந்துவிடும். சிரித்துச் சிரித்து எனக்குத் தூக்கம் போய்விடும். பொய் சேர்த்தால் உடனே கண்டுபிடித்துவிடுவோம். பொய்க் கனவில்தான் கதை ஒழுங்காக வரும். இப்போது எனக்கு வீடு இருக்கிறது, கட்டில் மெத்தை இருக்கிறது. ஆனால் அந்த அறைச் சிரிப்பு அதன்பிறகு எனக்கு வாய்க்கவே இல்லை.

ஒரு நாள் பதினாறு மணி நேரம் நின்றுவிட்டுக் காலையில் வந்தேன். அவன் பாயில் உட்கார்ந்திருந்தான். "ஏல, இன்னைக்கு ஒரு கனவு. சொல்லட்டா?" என்றான்.

"அப்பால சொல்றா, கண்ணு எரியுது. நவுரு" என்று அவனைத் தள்ளிவிட்டுப் படுத்தேன்.

சாயங்காலம் எழுந்தபோது ஆணியில் அவன் பை இல்லை. ஊரில் வேலை கிடைத்துவிட்டதாம், போய்விட்டான் என்றார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனவனோடு எனக்கென்ன பேச்சு என்று இருந்துவிட்டேன். பொங்கலுக்குப் பொங்கல் வாட்ஸ்அப்பில் ஒரு கரும்புப் படம் அவனிடமிருந்து வரும். நானும் ஒரு பானைப் படம் அனுப்புவேன். அவ்வளவுதான். ஆனாலும் அன்றைக்குக் கேட்காமல் விட்ட கனவு மட்டும் உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது.

வீட்டில் யாரும் இல்லை. மனைவிக்கு ஒரகடத்தில் ஜெனரல் ஷிப்ட். வீம்பை ஓரமாக வைத்துவிட்டு, படுத்தபடியே போன் போட்டேன்.

"ஏல, நீயா? என்னல திடீர்னு?"

அதே குரல். பயந்துகொண்டே என் கனவைச் சொன்னேன். குண்டானுக்கு போல்ட் முடுக்கிய இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தான். அந்தத் தைரியத்தில் கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு ஒரு கனவு சொல்ல வந்தியே, ஞாபகம் இருக்குதா? அது இன்னாடா?"

அவன் சிரிப்பு நின்றது.

"அன்னைக்கு நான் தூங்கவே இல்லல. காண்ட்ராக்ட் முடிஞ்சிட்டு, நாளையிலேர்ந்து வராதன்னு மொத நாளே சொல்லிட்டாவ. ஊர்ல வேலைன்னது சும்மா. ராத்திரி பூரா பாய்லயே உக்காந்திருந்தேன். ஒங்கிட்ட எப்படி ஆரம்பிக்கன்னு தெரியல. கனவுன்னா நீ கேப்பியே, அதான்."

பத்து வருடம் அவன் மேல் கோபமாக இருந்தவன் நான்.

"அன்னைக்கு சொல்ல வந்தத முழுசா இப்ப சொல்றா" என்றேன்.

சொல்ல ஆரம்பித்தான். நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.