வெட்டவா, பிடிக்கவா

சனிக்கிழமை காலை பத்தே கால். கண்ணில் முதலில் பட்டவர்கள் தலையில்லாத வக்கீல்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிர்ச்சந்தில் இருந்த தையல் கடையில் குறுக்குக் கம்பி ஒன்றில் கறுப்புக் கோட்டுகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றின் மார்பிலும் ஒரு துண்டுச் சீட்டு குத்தியிருந்தது. மின்விசிறிக் காற்று பட்டபோதெல்லாம் அவை மெல்லத் திரும்பி ஒன்றையொன்று பார்த்தன. பிறகு, பேச வந்ததை மறந்தவர்களைப் போல நின்றுவிட்டன.

எனக்கு அப்போது பத்து வயது. ராஜபாளையத்திலிருந்து என்னை அழைத்து வந்தவர்கள் அம்மாவின் அண்ணனான மாமாவும் அம்மாவின் தங்கையான சித்தியும். பால்கோவா வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்ததால் நானும் ஒட்டிக்கொண்டேன். மாமா கையில் ஒரு நீளமான துணிப்பை இருந்தது. அதற்குள் ஹேங்கரோடு அவருடைய வக்கீல் கோட்டு. பஸ்ஸில் இடம் இருந்தும் மாமா உட்காரவில்லை. மடியில் வைத்தால் கசங்கும் என்று பையைக் கம்பியில் மாட்டி, பக்கத்தில் காவலுக்கு நிற்பவர்போல வழி நெடுக நின்றே வந்தார்.

மாமா அதே கோர்ட்டில் சில வருடங்கள் ஜூனியர் வக்கீலாக இருந்தவர். தாத்தா திடீரென்று இறந்தபோது சித்தி ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். ஜூனியர்களுக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது என்பது அந்த வயதில் எனக்குத் தெரியாது. மாமா சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனி ஒன்றுக்குக் கணக்கு எழுதப் போனார். அவர் வக்கீல் தொழிலை விட்டுவிட்டதாக எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. "கோர்ட்டுக்கு லீவு போட்டிருக்கான்" என்பார்கள். பள்ளிக்கூடத்தில் காய்ச்சலுக்கு ஒருநாள் லீவு கேட்கவே படாதபாடு படும் எனக்கு, வருடக்கணக்கில் லீவு வாங்கிய மாமாவின் சாமர்த்தியம் பெரும் வியப்பாக இருந்தது.

அந்த லீவு எப்போது முடியும் என்பதும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அம்மா அதைப் பண்டிகை நாள் சொல்வதுபோலச் சொல்வாள். "சின்னவ படிப்பு முடியட்டும். அண்ணன் மறுபடி கோட்ட மாட்டிருவாங்க." அதற்காகவே அந்தக் கோட்டு பீரோவில் பாச்சை உருண்டைகளோடு தனியாகத் தொங்கியது. தை மாதத்தில் ஒருநாள் அதை மொட்டைமாடியில் வெயில் காட்டுவார்கள். அன்று பிள்ளைகள் யாரும் மாடிக்குப் போகக்கூடாது.

சித்தி மதுரையில் சட்டம் படித்து முடித்தாள். வக்கீலாகப் பதிவும் ஆயிற்று. திங்கட்கிழமை முதல் ஒரு சீனியரிடம் சேர வேண்டும், கோட்டு வேண்டும். வியாழக்கிழமை சாப்பாட்டின்போது மாமா, "புதுசு என்னத்துக்கு? என் கோட்டு சும்மாதான கெடக்கு. ஆல்டர் பண்ணா பாப்பாவுக்குச் சரியாப் போயிரும்" என்றார். அவருக்கு சித்தி இன்னும் பாப்பாதான். ரசம் ஊற்ற வந்த அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். சித்தி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

தையல் கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். பருத்த உடம்பு, கழுத்தில் மாலைபோல அளவு நாடா. அந்தக் கோட்டைத் தைத்தவரே அவர்தான். மாமாவைப் பார்த்ததும் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தார்.

"வாங்க சார், வாங்க. எம்புட்டு நாளாச்சு! வில்லிபுத்தூர் பக்கம் வர்ற வழியே மறந்துபோச்சாக்கும்?"

"எனக்கில்ல பாய். பாப்பாவுக்கு" என்று மாமா பையைத் திறந்தார்.

கோட்டு வெளியே வந்ததும் பாய் அதை மனிதர்களைவிட நெருக்கமாக விசாரித்தார். காலரைத் திருப்பினார், முகர்ந்தார், தோளைத் தட்டினார். சித்தி மாமாவுக்கு முந்திக்கொண்டாள்.

"நீங்களே பாருங்க பாய். இது ஆல்டர் பண்ணத் தாங்குமா? முழங்கையில தேஞ்சு பளபளன்னு இருக்கு."

"அது பெஞ்சில ஊன்றது. எல்லாக் கோட்டுலயும் இருக்கும்" என்றார் மாமா.

"உள்துணி வெளுத்துப்போச்சு."

"உள்ள இருக்கதை ஜட்ஜ் பாக்க மாட்டார்."

"காலரே ஒரு மாதிரிக் கோணலா இருக்கு."

"ஏம் தாயி," பாய் குறுக்கிட்டார். "தச்சவன் நான் உசிரோட நிக்கேன். என் மூஞ்சிக்கு நேராவே இம்புட்டுக் குறை சொல்லுதியே!"

பாயின் நிலைமை சிக்கலானது. கோட்டு தேறாது என்றால் புதுக்கோட்டு ஒன்று தைக்கக் கிடைக்கும். தேறாது என்றால் தன் கைவேலைக்குத் தானே குறை சொன்னதாகும். கொஞ்ச நேரம் கோட்டையும் சித்தியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கைவேலைதான் ஜெயித்தது.

"மொதல்ல சார் போடட்டும். ஆளு உள்ள இருந்தாத்தான் கோட்டைப் பத்திச் சொல்ல முடியும்."

மாமா வேண்டாம் என்றார். பாய் விடவில்லை. கோட்டை விரித்துப் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

அதற்குமுன் நான் மாமாவைக் கோட்டோடு பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த மாமா அரைக்கைச் சட்டையில் பஞ்சு ஒட்டிக்கொண்டு வருபவர், என்னை முதுகில் ஏற்றி மாடிப்படி ஏறுபவர். அன்று இரண்டு கைகளும் உள்ளே நுழைந்தன, பாய் தோளை ஒருமுறை உலுக்கிவிட்டார், அவ்வளவுதான். மாமாவின் கழுத்து நிமிர்ந்தது. பொத்தான் போட்ட கை கீழே இறங்காமல் தானாகவே கோட்டின் மடிப்பைப் பற்றிக்கொண்டது. முகத்தில்கூட எதையோ எடுத்துவிட்டுப் புதிதாக வைத்ததுபோல இருந்தது. அவர் பேசப்போகிறார் என்று கடையே காத்திருந்தது.

வாசல் பெஞ்சில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஒரு வயதான வக்கீல் குமாஸ்தா எழுந்து வந்தார்.

"வணக்கம் சார். அந்த வாய்க்கால் கேஸுல நீங்க பேசுன அன்னைக்கு நான் உள்ளதான் இருந்தேன்."

"அது எங்க சீனியர் கேஸு" என்றார் மாமா.

"கேஸு அவியளுது. பேசுனது நீங்கதான?"

நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். யாரும் சொல்லாமலே எழுந்து நின்றேன். இந்த மனிதரின் முதுகிலா ஏறினோம் என்று நினைத்துக்கொண்டேன்.

சித்தி கண்ணாடியில் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பாயிடம் திரும்பினாள். "இது சரிப்படாது பாய். புதுசுக்கே அளவெடுங்க."

"நீ போட்டுப் பாக்காமலே சொன்னா எப்படி?" மாமா கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டார்.

அவள் அதற்குள் காணாமல் போனாள். கைகள் விரல் நுனிவரை மறைந்துவிட்டன. நான் சிரித்துவிட்டேன்.

"ஏட்டி, கை ரெண்டும் எங்க?" என்றார் மாமா.

"சாட்சிக் கூண்டுல வச்சுட்டு வந்துட்டேன்" என்றாள் சித்தி. குமாஸ்தாகூடச் சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை.

பாய் அவளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "ரெண்டு வழி இருக்கு. பிடிக்கவா, வெட்டவா? பிடிக்கதுன்னா கூடுதல் துணிய உள்ளுக்கு மடிச்சுத் தச்சிருவேன். வேணாம்னா நாளைக்கே பிரிச்சு விட்றலாம், பழையபடி ஆயிரும். வெட்டிட்டா பொறவு என்கிட்ட வந்து கேக்கக் கூடாது."

"பிடிங்க" என்றாள் சித்தி.

"வெட்டுங்க" என்றார் மாமா.

இரண்டு சொற்களும் ஒரே நேரத்தில் வந்தன. பாய் ஊசிகளை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக உருவித் தோளிலும் முதுகிலும் துணியை மடித்துக் குத்தினார். குத்தி முடித்ததும் சித்தியைப் பக்கவாட்டில் திருப்பினார். மடித்த துணியெல்லாம் சேர்ந்து முதுகில் ஒரு திரட்சியாக நின்றது.

"பிளவுஸுன்னா பிடிச்சாப் போதும். இது கோட்டு. உள்ள நாலு அடுக்கு இருக்கு, அடங்காது" என்றார் பாய்.

"ஜட்ஜ் முன்னால மூட்டையத் தூக்கிட்டு நிப்பியா பாப்பா?" என்று கேட்டார் மாமா.

"நிப்பேன். ஒரு வருசமோ ரெண்டு வருசமோ, நான் கொஞ்சம் ஊன்றிக்கிட்டா போதும். பொறவு பிரிச்சு உங்ககிட்டயே தந்துருவேன்."

"எனக்கு என்னத்துக்கு?"

குமாஸ்தா பெஞ்சுக்குத் திரும்பிப்போய், ஏற்கெனவே படித்து முடித்த பக்கத்தை மறுபடி விரித்தார். தெருவில் ஒரு மினி பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே போனது. அது போய் முடியும்வரை மாமா காத்திருந்தார்.

"பாய், அந்தச் சாக்பீஸைக் குடுங்க."

பாய் மேஜையிலிருந்த தட்டையான சாக்பீஸைக் கொடுத்தார். சித்தி கோட்டைக் கழற்றாமல் நின்றாள். மாமா அவள் பின்னால் போய், ஊசி குத்தியிருந்த இடத்தை ஒட்டி, இடது தோளில் ஒரு கோடு போட்டார். வலது தோளில் ஒன்று. கணக்குப் பக்கத்தில் போடுகிற கோடுபோல இரண்டும் நேராக இருந்தன.

"செத்த யோசிங்க சார். இதுக்கு மேல இந்தத் தோளு உங்களுக்கு ஏறாது."

"தெரியும் பாய்" என்றார் மாமா.

பாய் அவளிடமிருந்து கோட்டைக் கழற்றி வாங்கி மேஜையில் போட்டு, பிளேடால் தையலைப் பிரித்தார். கோட்டு என்பது ஒரு தடித்த கறுப்புத் துணி என்றுதான் நான் நினைத்திருந்தேன். தோள் திறந்ததும் உள்ளே வேறொரு கோட்டு இருந்தது. சாக்கு நிறத்தில் முரட்டுத் துணி, அதன்மேல் பிறை வடிவில் பஞ்சு அடுக்கு, அதைப் பிடித்து நிறுத்த சாய்ந்து பெய்யும் தூறல்போல வெள்ளைக் கைத்தையல்கள். எண்ணவே முடியாது, அவ்வளவு தையல்கள். வெளியே இருந்து பார்த்தால் அவற்றில் ஒன்றுகூடத் தெரியாது. பஞ்சு அடுக்கைப் பாய் எடுத்து மேஜை ஓரத்தில் வைத்தார். எடுத்த பிறகும் அது தட்டையாகவில்லை; யாருடைய தோளோ இன்னும் உள்ளே இருப்பதுபோல வளைந்தே இருந்தது. நான் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

பிறகு பெரிய கத்தரிக்கோல். கறுப்புத் துணியை அது அறுத்த சத்தம் கரும்பை மெல்லும் சத்தம்போல நிதானமாக வந்தது. மாமா மேஜைக்குப் பக்கத்திலேயே நின்று கடைசிவரை பார்த்தார். சித்தி தெருவைப் பார்த்து நின்றாள்.

"பொம்பளைக்குப் பொத்தான் இந்தப் பக்கம் மாத்தணும் தாயி. மாத்தவா?" என்று கேட்டார் பாய்.

"வேணாம் பாய். அதையாவது விடுங்க."

அவள் குரல் ஏன் அப்படி வந்தது என்று எனக்குப் புரியவில்லை. வெளியே வந்ததும் மாமா சொன்னபடி பால்கோவா வாங்கிக் கொடுத்தார். சித்தி தன் பங்கை என்னிடம் தந்துவிட்டாள். எனக்கு அவள்மேல் கோபம்தான் இருந்தது. மாமா அவ்வளவு பெருந்தன்மையோடு கொடுத்த கோட்டில், கடையிலேயே வைத்து இத்தனை குறை கண்டுபிடிக்க ஒருத்திக்கு எப்படி மனது வரும்? வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் அதைத்தான் முறையிட்டேன். சித்திக்குப் பழைய கோட்டு பிடிக்கவே இல்லை, புதுக்கோட்டு கேட்டு அடம்பிடித்தாள், மாமாதான் விட்டுக்கொடுக்கவில்லை என்றேன்.

அம்மா நான் சொன்ன எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. "வெட்டியாச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

வெட்டியாச்சு என்றேன். கரும்பு மெல்லுவதுபோல சத்தம் கேட்டது என்றும் சொன்னேன். அவள் போய்ப் பீரோவைத் திறந்து, கோட்டுக்காகக் கம்பியின் ஓரத்துக்கு ஒதுக்கியிருந்த புடவைகளை நடுவுக்கு நகர்த்தி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமாவே போய்க் கோட்டை வாங்கி வந்தார். சித்திக்கு அது அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தியது. திங்கட்கிழமை காலை இருவரும் ஒன்றாகப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போனார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் முதலில் வந்தது, சித்தி ஏறினாள். அடுத்து வந்த சத்திரப்பட்டி பஸ்ஸில் மாமா ஏறினார்.