காய் என்று ஒரு பாட்டு

எங்கள் நாடகத்தின் கடைசிப் பாட்டில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. அந்தச் சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிவிடும். மார்க்கெட்டில் கத்தரிக்காய் என்பேன், வெண்டைக்காய் என்பேன். வெறுமனே 'காய்' என்று மட்டும் வாயில் வராது.

அறுபதுகளின் நடுவில் பம்பாயில், செம்பூர் பக்கம் ஓர் அறையும் சமையல்கட்டுமாகக் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் ஆலையில் ஃபிட்டர். நான் தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஆண்டு விழாவில் பிள்ளைகளோடு நான் பாடியதைக் கேட்டுவிட்டு ஒருவர் என்னைத் தேடி வந்தார். மாட்டுங்காக்காரர், வங்கியில் குமாஸ்தா, நாடகப் பைத்தியம். சின்னக் குழுக்களுக்கென்று பம்பாயில் ஒரு நாடக விழா நடக்கிறது, எல்லா மொழிக்காரர்களும் கலந்துகொள்ளலாம், பழைய நாடகம் மட்டும் கூடாது என்றார். முழுக்க முழுக்கப் பாட்டாகவே ஒரு புது இசை நாடகம் எழுதுகிறேன், கதாநாயகி நீங்கள்தான் என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆனால் வீட்டில் அனுமதி கேட்க வேண்டியது என் வீட்டுக்காரரிடம் அல்ல, அத்தையிடம். என் மாமியார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எங்களோடு இருக்க வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. குழாயடியையும் கோயிலையும் தவிரப் பம்பாயில் எதையும் பார்த்ததில்லை. மராத்தியோ இந்தியோ ஒரு சொல் தெரியாது. கடைக்குப் போவதெல்லாம் நான்தான்.

அத்தையிடம் கேட்டேன்.

"பாடுததுன்னா பாடு. ஆனா ஒண்ணு. நாலு பேரு சிரிக்கும்படி ஆச்சுன்னா அன்னைக்கே விட்ரணும். அதுக்குப் பொறவு மேடை கீடைன்னு வாயத் தொறக்கக் கூடாது."

சரி என்றேன். நாலு பேர் சிரிப்பது என்றால் நம் பக்கத்தில் மானம் போவது என்று பொருள். யாரும் நிஜமாகவே பல்லைக் காட்டிச் சிரிக்க வேண்டும் என்பதில்லை. எனக்கு மட்டும் அது அப்படியே, சொல்லுக்குச் சொல் நடந்தது.

கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு காப்பித்தூள் கடைக்கு மேலே மாடியறையில் ஒத்திகை. நாடகத்தில், காய்கறி விற்கும் பெண் ஒருத்தி மழை வெள்ளத்தில் கைக்குழந்தையைப் பறிகொடுக்கிறாள். மறுநாள் காலை வெறும் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல் தெருவில் கூவிக்கொண்டு போகிறாள். அதுதான் கடைசிக் காட்சி. அந்த இடத்துக்குக் குமாஸ்தா முதலில் ஒரு பக்கம் பாட்டு எழுதியிருந்தார். விதியே, மழையே, கடவுளே என்று ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டு அழுகிற பாட்டு. பாடிப் பார்த்தால் தொண்டை வலித்ததே தவிர மனசு வலிக்கவில்லை. ஒத்திகைக்கு ஒத்திகை வரிகளை அடித்தார். மெட்டை மாற்றினார். மறுபடி அடித்தார்.

ஒருநாள் ஆர்மோனியத்தை மூடிவிட்டு, "பாட்டே வேண்டாம் சிஸ்டர்," என்றார். "தெருவில கூவுவாளோன்னோ, அது மட்டும் போறும். 'காய்'. அவ்வளவுதான். அதையே இழுத்து இழுத்து, ஒவ்வொரு தடவையும் ஒரு சுரம் மேல போய்ப் பாடுங்கோ. நன்னா இருக்கும் பாருங்கோ."

பாடினேன். பின்பாட்டுப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவரும் மூக்கை உறிஞ்சினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் கர்வத்தோடு கீழே இறங்கி வந்து, எதிரில் தள்ளுவண்டிக்காரனிடம் "காய் பாவ்?" என்று விலை விசாரித்து வெங்காயம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

இதை எழுதும்போதே தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. 'காய்' என்றால் மராத்தியில் 'என்ன'. பம்பாயிலேயே பிறந்து வளர்ந்த அந்த மனிதர் நாள் முழுவதும் வங்கியில் அதைச் சொல்லிக்கொண்டிருந்தவர். நானும் தினமும் கடைகளில் சொன்னவள்தான். ஆனால் மாடிப்படி ஏறினால் தமிழ், இறங்கினால் மராத்தி என்று வாழ்ந்து பழகிவிட்டோம். இந்தக் காயும் அந்தக் காயும் ஒன்றாக ஒலிக்கும் என்று எங்கள் ஒருவர் மண்டைக்கும் எட்டவில்லை.

விழா தாதர் பக்கம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். வந்திருந்தவர்களில் முக்கால்வாசி மராத்திக்காரர்கள். எங்கள் முறை வந்ததும் குமாஸ்தாவே மேடைக்குப் போய்க் கதையை இந்தியில் சுருக்கமாகச் சொன்னார். அத்தை என் வீட்டுக்காரரோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், பெட்டியில் இருந்த நல்ல சேலையை உடுத்திக்கொண்டு.

கடைசிக் காட்சிவரை எல்லாம் நன்றாகவே போனது. கூடையோடு உள்ளே வந்து முதல் தடவை கூவினேன்.

"காஆஆய்..."

ஒருவரும் இருமக்கூட இல்லை. இரண்டாம் தடவை, ஒரு சுரம் மேலே போய்க் கூவினேன். பின்வரிசையிலிருந்து ஓர் ஆண்குரல் சாவதானமாகப் பதில் சொன்னது.

"காஹீ நாஹீ!"

என்ன? ஒன்றுமில்லை. மண்டபம் முழுக்கக் கொல்லென்று சிரித்தது.

என் சேலைதான் அவிழ்ந்துவிட்டது என்று நினைத்து ஒரு கையால் கொசுவத்தைத் தடவிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. ஆர்மோனியம் அடுத்த சுரத்துக்குப் போய்விட்டது, நானும் போக வேண்டும். மூன்றாம் தடவை கூவியதும் பத்திருபது பேர் சேர்ந்து பதில் சொன்னார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உறைத்ததும் உடம்பெல்லாம் கூசிப்போனது. மேலே போகப் போக என் குரல் உயர்ந்தது, அவர்கள் சிரிப்பும் உயர்ந்தது. பக்கத்திரைக்குப் பின்னால் நின்ற நம் குமாஸ்தாவைப் பார்த்தேன். அந்த மனிதர் முகமெல்லாம் மலர்ந்து, "இழு, இழு" என்று கையால் ஜாடை காட்டிக்கொண்டிருந்தார். நான் இழுக்கவில்லை. கடன்காரனிடமிருந்து தப்பி ஓடுகிறவள் மாதிரி மளமளவென்று பாடி முடித்து உள்ளே ஓடினேன்.

நகைச்சுவைக்கான பரிசை எங்களுக்குக் கொடுத்தார்கள்.

"சிரிப்பும் ஒரு ரசம்தானே சிஸ்டர்," என்றார் அவர், பரிசுக் கோப்பையைத் துண்டால் துடைத்துக்கொண்டே. "அடுத்தது காமெடியாவே பண்ணிடலாம். நீங்கதான் ஹீரோயின்."

செம்பூர் பஸ்ஸில் அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்தார். கண் சிவந்து முகம் வீங்கியிருந்தது. முன் இருக்கையில் என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கிற்று. சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குத் தெரியும். பின்னாலிருந்தே கிள்ளிவிடலாம் என்று கை துறுதுறுத்தது.

அதற்குள் அத்தை எட்டி அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். "அழாதல. நாடகந்தானல."

நானே முந்திக்கொண்டேன். "அத்தை, நீங்க சொன்ன மாதிரி விட்டுருதேன். நாலு பேரு சிரிச்சிட்டாங்க."

"நீ ஏம் விடணும்?" அத்தைக்குக் கோபம் பொங்கியது. "அவனுவ உன்னையவா சிரிச்சானுவ? புள்ளயப் பறிகொடுத்தவ வெறுங்கூடையத் தூக்கிட்டு வாரா, அதப் பாத்துச் சிரிக்கானுவ. மனுசனுவளா அவனுவ?" பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எனக்கு மொதப் புள்ள தங்கலை. தெரியும்லா? அது போன பொறவும் நான் வெறுந்தொட்டிலத்தான் ஆட்டிக்கிட்டுக் கெடந்தேன். உங்க மாமா வந்து தொட்டிலக் கழட்டுத வரைக்கும் ஆட்டினேன். இன்னைக்கு நீ பாடுனதும் அதுதான் ஞாவகம் வந்தது. நீ பாடுளா. நான் சொல்லுதேன்."

தொடர்ந்து பாட அனுமதி கிடைத்துவிட்டது. எனக்குத்தான் அத்தையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. செம்பூர் வரும்வரை கண்டக்டரின் பையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை அத்தை அரிசி களைந்துகொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் வேலைக்குப் போயாகிவிட்டது.

"ஏளா, அந்தக் கடைசிப் பாட்ட ஒருக்காப் பாடேன். இங்க சிரிக்கதுக்கு ஒருத்தனும் இல்ல."

மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அடுப்புப் பக்கம் திரும்பி நின்று பாடினேன். முதல் 'காய்' ஒழுங்காக வந்தது. அத்தை களைவதை நிறுத்திவிட்டார். இரண்டாவது 'காய்' முடிகிற இடத்தில், அந்தப் பின்வரிசைக்காரன் என் காதுக்குள்ளேயே வந்து "காஹீ நாஹீ" என்றான். எனக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. வாயைப் பொத்தினேன், உதட்டைக் கடித்தேன், நிற்கவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

திரும்பிப் பார்த்தபோது அத்தையின் கை அரிசித் தண்ணீருக்குள் அப்படியே இருந்தது.

"நீயும் சிரிக்கியே," என்றார்.

பதறிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். மராத்தியில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள், அவர்கள் கெட்டவர்கள் இல்லை, கேள்வி கேட்டது போலிருந்ததால் பதில் சொன்னார்கள், பரிசும் அந்தச் சிரிப்புக்குத்தான் என்று விளக்கினேன். டீச்சர் அல்லவா, ஒன்று விடாமல் விளக்கினேன். அத்தை முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"அப்பம் அம்புட்டுப் பேருக்கும் அது வெளையாட்டுத்தானா?"

நான் குனிந்து, கீழே சிந்தியிருந்த அரிசியைப் பொறுக்கினேன்.

"அத்தன பேருக்கு நடுவுல, முன்னால உக்காந்து நான் ஒருத்திதான் கோட்டிக்காரி மாதிரி அழுதிருக்கேன், என்ன?"

முந்தானையை இழுத்து முகத்தில் பாதியை மறைத்துக்கொண்டு, மறுபடி அரிசியைக் களையத் தொடங்கினார். அதற்குப் பிறகு அந்தத் தொட்டிலைப் பற்றி என்னிடம் ஒரு நாளும் பேசியதில்லை. ஒத்திகைக்குப் போகவில்லையா என்று அவராகவே இரண்டு மூன்று தடவை கேட்டார். தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.