கலயம் கவிழ்த்த தட்டட்டி

என் கணவருக்குத் துபாயில் கண்ணாடிப் பஞ்சு சுற்றுகிற வேலை. பெரிய கட்டடங்களுக்குள் குளிர்காற்று போகிற தகரக் குழாய்களின் மேல் அந்தப் பஞ்சைப் போர்த்தி, வெள்ளித்தாள் ஒட்டி, குளிர் வெளியே போகாமலும் சூடு உள்ளே வராமலும் கட்டிக் கொடுப்பார். ஊரார் வீட்டுக் குளிரையெல்லாம் இப்படிக் காபந்து பண்ணிக்கொண்டிருந்த மனிதரின் சொந்த வீடு, மேலப்பாளையத்தில் செங்கல் சூளையாக வெந்துகொண்டிருந்தது.

வீட்டின் முன்பாதி ஓடு வேய்ந்தது. மாமனார் காலத்துத் தறிகள் அங்கேதான் இருந்தன. அவர் மவுத்தான பிறகு அந்தப் பகுதியை ஒரு நெசவாளிக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். பின்பாதி, என் கணவர் முதல் தடவை துபாய் போனதும் மாமி முன்னின்று கட்டிய கான்கிரீட் அறை. ஓடில்லாத மட்டக் கூரையை எங்கள் பக்கம் தட்டட்டி என்போம். தெருவிலேயே முதல் தட்டட்டி எங்களுடையதுதான் என்பதில் மாமிக்கு அப்படியொரு பெருமை. நான் கல்யாணமாகி வந்தபோது வீடு முழுவதையும் சுற்றிக் காட்டவில்லை. அந்த அறைக்கு மட்டும் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், தலைக்கு மேலே காட்டி, "பாத்தியா, ஒரு ஓடு கெடையாது" என்றார்.

ஓடு இல்லைதான். ஆனால் கான்கிரீட்டுக்கு மேல் ஒரு விரல் கனத்துக்குச் சிமெண்டுப் பூச்சைத் தவிர வேறு எதுவும் இல்லை. பங்குனி பிறந்துவிட்டால் பகல் முழுக்க வெயிலைக் குடித்து வைத்துக்கொள்ளும். பொழுது சாய்ந்த பிறகு பைய அதை எங்கள் மேல் இறக்கும். ஃபேனைப் போட்டால் அனல் ஒரே இடத்தில் நிற்காமல் எல்லோருக்கும் பங்காகக் கிடைக்கும், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கார்த்திகையில் மாமிக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் மட்டும் பழையபடியே இருந்தது. குளியலறை ஒட்டியிருந்ததால் அந்த அறையிலேயே கட்டில் போட்டோம். அடுத்த சித்திரையில் ஒரு நாள் மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டுக் கஞ்சியோடு போனேன். கூப்பிட்டேன்; பதில் இல்லை. தொட்டால் உடம்பு கொதிக்கிறது, வேர்வை ஒரு பொட்டு இல்லை, கண் மேலே செருகி நிற்கிறது. ஈரத்துணியைச் சுற்றி, பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டு ஆட்டோவில் ஏற்றினேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் தண்ணீர் நனைத்துத் துடைத்துக்கொண்டே போனேன். பிழைத்தார்.

இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னார்: "புதுசா வியாதி ஒண்ணும் இல்லம்மா. நீங்க படுக்கப் போட்டிருக்க ரூம்தான் வியாதி. அதைக் குணப்படுத்துங்க."

அந்த வாரம் என் கணவர் விடுமுறைக்கு வந்தார். நடந்ததைச் சொன்னதும் அவர் முகம் கறுத்துவிட்டது. பெட்டியைக்கூடத் திறக்காமல் அறைக்குள் போய், ஸ்டூல் போட்டு ஏறி, உள்ளங்கையைக் கூரையில் வைத்தார். சட்டென்று எடுத்துவிட்டார்.

"ஏசி ஒண்ணு வாங்கி மாட்டிருவோம்" என்றார்.

"கரண்டு ஒழுங்கா வந்தாத்தான ஏசி ஓடும்? மத்தியானம் ஆனா ஃபேனே சுத்த மாட்டேங்கு. மச்சான், நீங்க செய்யுத வேலைய இங்கன செய்ய முடியாதா?"

அவர் யோசித்தார். தெர்மோகோல் வாங்கி அறைக்கு உள்பக்கம் பொய்க்கூரை போடலாம் என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை. கல் சூடாவதை விட்டுவிட்டு அதற்குக் கீழே திரை கட்டுவது, எரிகிற அடுப்பை மூடி வைக்கிற மாதிரி இருந்தது. "சூட்டை மேலயே நிறுத்த வழியில்லையா? தட்டட்டிக்கு மேல அந்தப் பஞ்சைப் போட்டா என்ன?" என்று கேட்டேன்.

"மழையில நனைஞ்சா பஞ்சு செத்துரும். வேலை செய்யுதது பஞ்சு இல்லட்டி, அதுக்குள்ள நிக்குத காத்து. அசையாத காத்துல சூடு லேசுல கடக்காது. பஞ்சு அந்தக் காத்தைப் பிடிச்சு வைக்குத பை. அவ்வளவுதான்."

"அப்ப மண்பானையக் கவுத்தி வச்சா அதுக்குள்ள காத்து நிக்காதா?"

சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். ஆனால் சிரிக்கவில்லை. தொழில்காரர் மூளை அதற்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனவர், பாளையங்கோட்டையிலிருந்து ஒரு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். தலை நரைத்த, நிதானமான ஆள். மேலே ஏறி நாலு மூலையும் பார்த்தார். சுவரின் கனத்தை முழம் போட்டார்.

"பழைய பங்களா ரெண்டுல நானே பானை வச்சு சுண்ணாம்பு ஜல்லி போட்டிருக்கேன் பாய். முழுக்க ஜல்லி போடுததைவிடப் பாரமும் கம்மி. இந்தச் சுவரு தாராளமாத் தாங்கும்" என்றார்.

பெரிய வித்தை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னாலேயே யாரோ செய்திருக்கிறார்கள். அதனாலென்ன, நல்லதாகப் போயிற்று என்று தோன்றியது.

பானைக்குக் காருகுறிச்சிக்குப் போனோம். பதநீர் இறக்குகிற காலம் என்பதால், பனையில் கட்டுகிற சின்னக் கலயங்கள் அங்கே மலைமலையாகக் குவிந்திருந்தன. ஒரே அளவு, உருண்டை வயிறு, குட்டைக் கழுத்து. கழுத்தில் கீறல் விழுந்தவற்றைத் தனியாக ஒதுக்கியிருந்தார்கள். பதநீர் ஒழுகும், எங்கள் காற்று எங்கே ஒழுகப்போகிறது? அந்தக் குவியல் முழுவதையும் வைக்கோல் வைத்து ஒரு வேனில் அடுக்கி எடுத்துவந்தோம்.

வேன் தெருவுக்குள் நுழைந்ததும் சனம் கூடிவிட்டது. முன்பகுதியில் தறி நெய்கிறவர் எழுந்து வந்து பார்த்துவிட்டு, என் கணவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "மாப்ளே, துபாய் வேலை போயிட்டோ? திருட்டுக் கள்ளுக்கடை போடப்போறியளாம்லா, கடைத்தெருவுல பேசுதாங்க."

உள்ளே கட்டிலில் கிடந்த மாமிக்கும் அது கேட்டுவிட்டது. "யா அல்லா! ஏ மருமவளே, என்னத்தட்டி எறக்குதிய?" என்று சத்தம் போட்டார். ஒரு கலயத்தை எடுத்துக்கொண்டுபோய் அவர் நெஞ்சின் மேல் கவிழ்த்து வைத்து விளக்கினேன். தெருவின் முதல் தட்டட்டியின் மேல் பதநீர்ப் பானை ஏறுவதை அவரால் தாங்க முடியவில்லை. "ஓடு வேண்டாம்னு கட்டினேன். கடைசியில சட்டியக் கொண்டாந்து ஏத்துதிய" என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

கலயங்களை வரிசையாகக் கவிழ்த்து முடிக்கிற நேரத்தில், துபாயிலிருந்து என் கணவருக்கு உடனே வரச்சொல்லி அழைப்பு வந்தது. விடுமுறையில் பாதிகூடக் கழியவில்லை. கூரை வேலையை நிறுத்திவிட்டு அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றார். அடுத்த தடவை என்றால் இரண்டு வருடம். கட்டில் கிடந்த பக்கம் பார்த்தேன். "நீங்க போயிட்டு வாங்க. நான் முடிச்சிருதேன்" என்றேன். சொன்ன பிறகுதான், எப்படி முடிக்கப்போகிறேன் என்ற யோசனையே வந்தது. ஆனாலும் பயமில்லை. சூடு எப்படி வருகிறது, எங்கே நிறுத்த வேண்டும் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

அவர் விமானம் ஏறிய மறுநாள் சாயங்காலம் கோடை மழை பிடித்துக்கொண்டது. இடியும் மின்னலுமாக ஒரு பாட்டம் கொட்டித் தீர்த்தது. காலையில் கொத்தனார் ஆட்களோடு வந்து சுண்ணாம்பைக் குழைக்கத் தொடங்கினார். கீழே முற்றத்தில் நின்றபடியே கேட்டேன்: "அண்ணாச்சி, கலயத்துக்கு அடியில தண்ணி நிக்குமே?"

"வெயிலு அடிக்குத அடிக்கு ரெண்டு நாள்ல காஞ்சிரும் தங்கச்சி."

"மேல ஜல்லி போட்டு மூடினப்புறம் எங்கன காயும்? கீழதான எறங்கும்?"

"அதெல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம். பாய் வந்தா அவருட்ட பேசிக்கிடுதேன்."

"அவுக வர ரெண்டு வருசம் ஆகும். அதுவரைக்கும் ஒக்காந்திருப்பியளா?"

அவர் கரண்டியை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறிவிட்டார். அன்றைக்கு எங்கள் தெருவில், ஆம்பிளைகள் வேலை செய்கிற இடத்துக்கு ஒரு வீட்டுப் பெண் ஏணி ஏறிப் போவது வழக்கமில்லாத காரியம். வெளியே இறங்கினாலே துப்பட்டியைப் போர்த்திக்கொண்டுதான் போவோம். அறைக்குள் போய் நின்றேன். மாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தார்.

"தண்ணி நிக்குதா?"

"நிக்கும் மாமி."

"என் ரூம்புக்குள்ள ஒழுகுமா?"

"இப்ப மூடினா ஒருநாள் ஒழுகும்."

"அப்ப ஏம்ட்டி இங்கன நிக்கே? போ, மேல போ."

"தெருவுல பேசுவாங்களே மாமி."

"பேசுதவன் எவனாச்சும் வந்து எனக்கு விசிறுவானா? போட்டி!"

துப்பட்டியை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினேன். தட்டட்டியில் காலை வெயிலுக்கே பாதம் சுட்டது. நேராகப் போய் நடுவில் இருந்த ஒரு கலயத்தைத் தூக்கினேன். அடியில் வட்டமாகத் தண்ணீர் நின்றது. பக்கத்தில் இன்னொன்று. அதன் கீழும் தண்ணீர். கொத்தனார் குனிந்து பார்த்தார், தலையைச் சொறிந்தார். பிறகு ஆட்களைப் பார்த்து, "ஏலே, எல்லாத்தையும் எடுத்து ஓரமா வைங்கடே. தரை காயட்டும்" என்றார். நல்ல மனிதர், அதற்குப் பிறகு ஒரு தடவைகூட முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. காய்ந்த பிறகு மறுபடி அடுக்கும்போது, மழைத்தண்ணீர் ஓடுவதற்கு வாட்டம் எந்தப் பக்கம் விடலாம் என்று என்னிடமே கேட்டார். வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிப் பார்த்து, அது தானாகப் போன பக்கத்தையே வைத்துக்கொண்டோம்.

கலயங்களின் இடுக்கிலும் மேலேயும் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு நிரப்பினார்கள். அதை மரக்கட்டையால் அடித்து இறுக்குவது பெண்கள் வேலை. வரிசையாகக் குத்தவைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடித்தார்கள். பெண்கள் வந்துவிட்டதால் நான் மேலே போவதும் வருவதும் யாருக்கும் உறுத்தவில்லை. நானும் ஒரு கட்டையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. அந்தப் பெண்கள் என் அடியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மணிக்கட்டைத் தளர்த்திப் பிடிக்கச் சொன்னார்கள்.

மாமியால் மேலே வர முடியாது. ஆனால் மேலே நடப்பதெல்லாம் அவர் தலைக்கு மேல்தான் நடந்தது. ஒரு மத்தியானம் கீழிருந்து குரல் வந்தது: "ஏ மருமவளே! மேக்கு மூலையில சத்தமே கேக்கல. அங்கன அடிக்கலியா?"

போய்ப் பார்த்தேன். பக்கத்து வீட்டு வேப்பமரம் நிழல் போடுகிற மூலை அது. எல்லோரும் அங்கேதான் சாப்பாட்டுத் தூக்குகளை வைத்து இளைப்பாறினார்கள். இடத்தைக் காலி பண்ண மனமில்லாமல் அந்த மூலையை அடிக்காமலே விட்டிருந்தார்கள். ஜல்லி பொலபொலவென்று கிடந்தது. தூக்குகளை நகர்த்திவிட்டு அடித்தோம். அன்றிலிருந்து மாமி கீழே கிடந்தபடியே வேலையை நடத்தினார். "இப்ப கெழக்க போங்க", "அந்த எடத்துல சத்தம் பொக்கா இருக்கு, இன்னும் ரெண்டு போடு" என்று அதட்டல் வந்துகொண்டே இருக்கும். அந்தப் பெண்களும் "சரி உம்மா, சரி உம்மா" என்று குனிந்து தரைக்குப் பதில் சொல்வார்கள். கால் விழுந்ததிலிருந்து ஒருவருக்கும் உபயோகமில்லாமல் போய்விட்டேன் என்று அழுதுகொண்டிருந்தவர், அந்த நாட்களில் ஒருமுறைகூட அழவில்லை. கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்தார்.

ஜல்லி இறுகியதும் மேலே தட்டோடு என்கிற தட்டையான சுட்ட மண் ஓடுகளைப் பதித்து, சந்துகளைப் பூசி, வெள்ளையடித்தோம். வெயிலில் பார்த்தால் கண் கூசியது. அக்கினி நட்சத்திரம் இன்னும் முடிந்திருக்கவில்லை. முதல் சில நாள் ஈரம் காய்கிற குளிர்ச்சியாக இருக்கும் என்று நினைத்து நான் அவசரப்பட்டுச் சந்தோஷப்படவில்லை. நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு நடுப்பகலில், முன்பகுதியில் தறி நெய்கிறவர் வேர்த்து ஊற்றிக்கொண்டு தண்ணீர் கேட்டு வந்தார். அறை வாசலில் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். "என்ன இது, ஆத்தங்கரையில நிக்குத மாதிரிலா இருக்கு" என்று அங்கேயே தரையில் உட்கார்ந்தார். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னார். குளிரவில்லை, ஆனால் அனல் இல்லை. ஸ்டூலில் ஏறிக் கூரையில் உள்ளங்கையை வைத்தேன். வைத்தபடியே பேசிக்கொண்டிருக்க முடிந்தது.

மாமி அவரைப் பார்த்து, "கள்ளுக்கடை எப்படி இருக்கு?" என்றார்.

அதற்குப் பிறகு மாமி நாலு கோடை இருந்தார். ஒரு கோடையிலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கவில்லை. என் கணவர் அடுத்த விடுமுறைக்கு வந்தபோது, எங்கள் தெருவிலேயே இன்னும் இரண்டு தட்டட்டியில் கலயம் ஏறியிருந்தது. இரண்டுக்கும் அதே கொத்தனார்தான். வாட்டம் பார்க்க அவர் என்னைத்தான் கூப்பிட்டுவிட்டார். என் கணவர் அதைக் கேட்டுவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "துபாய்ல இந்த வேலைக்கு இஞ்சினியர் வச்சிருக்கான்" என்றார்.

"அவரும் மழை பெஞ்ச மறுநாள் மேல ஏறிப் பாப்பாரா?" என்று கேட்டேன்.

சில வருடம் கழித்து அவர் துபாயை முடித்துக்கொண்டு வந்துவிட்டார். ஊரோடு வந்தவர்களெல்லாம் ஜவுளிக்கடையும் பாத்திரக்கடையும் வைத்தார்கள். நாங்கள் கூரை வேலையை எடுத்தோம். பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியர் வீடுதான் வெளியே எடுத்த முதல் வேலை. பழைய வீடு, அகலமான தட்டட்டி. வீட்டம்மா எங்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டு, விவரத்தையெல்லாம் என் கணவரிடம் கேட்க ஆரம்பித்தார். அவர் டம்ளரை வைத்துவிட்டு என் பக்கம் கை காட்டினார். நான் துப்பட்டியைச் செருகிக்கொண்டு, ஏணி எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.