கத்தியதும் ஓடிவந்தவர்

சாலவாக்கத்திலிருந்து திரும்பும்போது உச்சி வெயில். நான் ஸ்கூட்டி ஓட்டினேன், தங்கை பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஏரிக்கரையை ஒட்டிய சாலையில் ஒரு பைக் எங்களுக்குப் பக்கத்தில் வந்தது. இரண்டு பேர், இருவரும் ஹெல்மெட் போட்டிருந்தார்கள்.

"அக்கா, உத்திரமேரூருக்கு எப்டி போவணும்?" என்றான் முன்னால் இருந்தவன்.

பதில் சொல்வதற்காக வேகத்தைக் குறைத்தேன். பின்னால் இருந்தவனின் கை தங்கையின் கழுத்துக்குப் போனது. அவள் தாலிச் செயினை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். அவன் எங்கள் வண்டியை எட்டி உதைத்தான். விழுந்தோம். செயின் அறுந்து அவனோடு போனது. தங்கையின் தலை சாலையோரக் கல்லில் மோதியிருந்தது. பைக் நம்பரைப் பார்க்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. கத்தினேன், அவ்வளவுதான்.

கரைக்குக் கீழே வரப்பு வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். ஊருக்கு வெளியே இருளர் குடியிருப்பில் இருப்பவர், எங்கள் நிலத்துக்கும் கூலிக்கு வருவார். தன் துண்டால் தங்கையின் தலையைச் சுற்றிக் கட்டினார். அந்த வழியாக வந்த ஆட்டோவை மறித்து எங்களை ஏற்றிவிட்டார்.

தங்கையை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். ஒரு பெண் காவலர் பொறுமையாக விசாரித்தார். "சும்மா எடுத்துக்கினு ஓடியிருந்தா திருட்டும்மா. அடிச்சோ பயமுறுத்தியோ புடுங்குனா அது வழிப்பறி, கேஸே வேற. வண்டிய ஒதைச்சத மறக்காம சொல்லு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இனிமே ரோட்டுல எவனாச்சும் வழி கேட்டா நிறுத்தாத. இழுத்தான்னா வுட்டுடு. அவனோட மல்லுக்கட்டாத."

மறுநாள் காலையில், துண்டால் கட்டுப் போட்டவருடைய மனைவி எங்கள் வாசலில் வந்து நின்றார். "உன் தங்கச்சியத் தூக்குனாரில்ல, அவர போலீசு இட்டுக்கினு பூட்டாங்கக்கா."

ஸ்டேஷனுக்கு ஓடினேன். "அவரு காப்பாத்துனவரு சார். பைக்ல வந்தவங்க வேற ஆளுங்க."

மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இன்னாம்மா, ஹெல்மெட் போட்டிருந்தானுங்க, மொகம் தெரியலன்னு நீதானே சொன்ன? அப்புறம் இவன் கூட்டாளி இல்லன்னு உனக்கு எப்டித் தெரியும்?"

நான் சொன்ன உண்மையை வைத்தே என் வாயை அடைத்துவிட்டார். மீண்டும் மீண்டும் போனேன். ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டேன், அந்த ஆளுக்காக வர யாருக்கும் நேரமில்லை. ஒருவழியாக விட்டபோது அவருக்குக் காலை ஊன்றி நடக்க முடியவில்லை.

பார்க்கப் போனேன். குடிசைக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "நீ கத்துனதுல தப்பில்லக்கா. நான் ஓடியாந்தேன் பாரு, அதான் தப்பு."

சில வாரங்களில் குடும்பத்தோடு எங்கோ செங்கல் சூளைக்குப் போய்விட்டார்கள்.

செயினும் கிடைக்கவில்லை, பைக்கில் வந்தவர்களும் பிடிபடவில்லை. தங்கைக்கு இடது காது கேட்பதில்லை. வெறும் மஞ்சள் கயிறுதான் போட்டிருக்கிறாள், ஆனாலும் தனியாக வெளியே போகமாட்டாள்.

போன வாரம் அதே சாலையில் இன்னொரு பெண்ணிடம் செயினை அறுத்துவிட்டார்கள். நடவு நேரம், வயல் முழுக்க ஆட்கள் இருந்தார்களாம். அவள் வெகுநேரம் கத்தினாளாம். ஒருவரும் கரையேறி வரவில்லை.