சோதனைக்கு ஆகாத விமானம்

விமானம் ஓட்டுகிறவனுக்கு உரிமம் கொடுப்பதற்கு முன்னால் அவன் ஓட்டப்போகும் விமானத்தைத்தான் முதலில் சோதிப்பார்கள். சோதகர் உட்காரும் இருக்கையிலும் கைப்பிடியும் கால்மிதிகளும் இருக்க வேண்டும். பையன் பிசகினால் அவர் பிடித்துக்கொள்ள வேண்டுமல்லவா? வேகம், உயரம், எண்ணெய் அழுத்தம் காட்டும் கருவிகள் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும். பறக்கத் தகுதியானது என்று பொறியாளர் ஒப்பமிட்டிருக்க வேண்டும். இதில் எது குறைந்தாலும், ஓட்டுகிறவன் கருடனுக்குத் தம்பியாகவே இருந்தாலும், தரையில் நிற்க வேண்டியதுதான். நான் அப்படி நின்றவன்.

எங்கள் ஊர் நெய்யூருக்குப் பக்கம். திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யமாக இருந்த காலம் அது; மேல்படிப்பென்றால் திருவனந்தபுரம். அங்கே விமானப் பயிற்சிச் சங்கம் ஒன்று இருந்தது. கல்லூரி மாணவர்கள் சிலரை அரசாங்கச் செலவில் பழக்கினார்கள். நானும் போய் நின்றேன். கண்ணையும் காதையும் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார்கள். துணி போர்த்திய இரட்டைச் சிறகு விமானம். முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கைகள், தலைக்கு மேலே கூரை கிடையாது. முதல் தடவை மேலே போய்க் கடலைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் வந்த அழுகை என் ஆயுளில் அது ஒன்றுதான்.

வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். அப்பா பர்மாவுக்குக் கப்பலேறியவர். யுத்தத்துக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. புதுக்கடை என்ற ஊரில் கொப்பரை வியாபாரம் செய்த மாமா, அம்மாவின் அண்ணன், என்னைக் கடையில் உட்காரவைக்கக் காத்துக்கொண்டிருந்தார். "ஏலே, ஆகாசத்துல எவன்லே கொப்பரை வாங்குவான்?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பார். அந்தக் கடையின் வாடையே எனக்கு ஆகாது. உரிமம் கிடைத்தால் வடக்கே ஒரு விமானக் கம்பெனியில் பயிற்சி ஓட்டியாகச் சேர்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருந்தார்கள். கிடைக்காவிட்டால் கொப்பரை. இதைத் தவிர மூன்றாவது வழி எதுவும் எனக்கு இருக்கவில்லை.

அதற்குள் சங்கமே படுத்துவிட்டது. மழைக்காலத்துக்கு முன் விமானங்களை வடக்கே அனுப்பிவிடப் போவதாகச் சொன்னார்கள். கடைசியாக ஒரு சோதகர் டில்லியிலிருந்து வருவார், காலையில் சோதனையை முடித்துவிட்டு மதிய விமானத்தில் திரும்பிவிடுவார். மிஞ்சியிருந்த மாணவன் நான் ஒருவன்தான்.

சோதனைக்கு நானும் வருவேன் என்று அம்மா சொன்னது எனக்கு ஆச்சரியம். விமானப் பேச்சை எடுத்தாலே எழுந்து அடுக்களைக்குள் போய்விடுகிறவள் அவள். முந்தின நாள் மண்டைக்காட்டுக்குப் போய் அம்மன் சந்நிதியிலிருந்து சந்தனம் வாங்கி வாழையிலையில் பொதிந்து வைத்திருந்தாள். விடிவதற்கு முன்னால் தக்கலைக்கு வந்து திருவனந்தபுரம் பஸ் பிடித்தோம். வழி நெடுக அவள் அந்தப் பொதியை மடியில் பொத்திக்கொண்டிருந்தாள்.

மைதானத்தில் நான் விமானத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். கம்பிகள், சக்கரம், எண்ணெய், எல்லாம் சரி. இடப்பக்கத்துச் சிறகுகளுக்கு நடுவே நிற்கும் கட்டையில் விரல் பருமனில் இரண்டு குழல்கள் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். ஓடும்போது எதிர்க்காற்று அதில் புகுந்தால்தான் வேகம் காட்டும் முள் அசையும். பூச்சி கூடு கட்டாமல் இருக்க அதற்கு ஒரு துணியுறை மாட்டியிருப்போம். அதையும் கழற்றிவிட்டு சோதகரை அழைத்துவர அலுவலகத்துக்குப் போனேன்.

நான் போன பிறகு நடந்ததைப் பயிற்சியாளர்தான் பின்னால் சொன்னார். அவர் மார்த்தாண்டத்துக்காரர், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், தங்கமான மனுஷன். அம்மா அவரிடம், "சாரே, இதுக்கும் ஒரு பொட்டு தொடட்டா?" என்று கேட்டிருக்கிறாள். புது வண்டியானாலும் பஸ்ஸானாலும் சந்தனம் வைக்காமல் எங்கள் பக்கம் யார் எடுப்பார்கள்? அவரும் சரியென்றிருக்கிறார். முகப்பில் வைத்தாள், சக்கரங்களில் வைத்தாள். பிறகு அந்தக் குழல்களைக் காட்டி, "இதுதான் இதுக்க மூக்கா?" என்று கேட்டாளாம். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு எண்ணெய் டின்னை எடுக்கத் திரும்பியிருக்கிறார். மூக்குக்கு அம்மா கஞ்சத்தனம் பார்க்கவில்லை. எட்டிப் பிடித்து, தாராளமாகவே அப்பியிருக்கிறாள்.

நாங்கள் வந்தபோது விமானம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. சோதகர் புன்னகைத்தார். சந்தனம் வைப்பது அவருக்கும் புதிதில்லை. முன்னிருக்கையில் அவர், பின்னால் நான். ஓடத் தொடங்கினோம். வால் தூக்கியது, சக்கரங்கள் லேசாகிவிட்டன, வேகமுள் மட்டும் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது. கண்ணாடியை விரலால் தட்டினேன். அசையவில்லை. முன்னாலிருந்து சோதகரின் கை உயர்ந்தது. விசையைக் குறைத்து நிறுத்தினேன்.

இறங்கிப் பார்த்ததும் விஷயம் விளங்கியது. ஒரு குண்டூசி போதும் என்று நான் கெஞ்சினேன். சோதகர் கோபப்படவேயில்லை, அதுதான் கொடுமை. முன்துளையைக் குத்திவிடலாம், குழலுக்குள் எவ்வளவு போயிருக்கிறதென்று யாருக்குத் தெரியும், பொறியாளர் பிரித்துப் பார்த்து ஒப்பமிடாமல் இது சோதனைக்கு ஆகாத விமானம் என்றார். பொறியாளர் கொச்சிக்குப் போயிருந்தார். இன்னொரு விமானம் இருந்தது. வடக்கே அனுப்புவதற்காக அதன் முன்னிருக்கைக் கைப்பிடியை ஏற்கெனவே கழற்றிக் கட்டிவைத்துவிட்டார்கள். அதுவும் ஆகாது. பயிற்சியாளர் தன்னைத்தானே திட்டிக்கொண்டு நின்றார். மதியம் சோதகர் போய்விட்டார். அடுத்த வாரம் விமானங்களும் போய்விட்டன. சோதனைக்கு முந்தின சில மாதங்களில் பறந்த கணக்குத்தான் செல்லும். பறக்க விமானம் இல்லாதவனுக்கு அந்தக் கணக்கு தானாகவே காலாவதியானது. வாக்குக் கொடுத்த கம்பெனி வேறு ஆளைப் பார்த்துக்கொண்டது.

ஓடுபாதை நடுவில் நாங்கள் பேசியது தூரத்தில் நின்ற அம்மாவுக்குக் கேட்கவில்லை. நானும் அவளிடம் சந்தனத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. யந்திரத்தில் கோளாறு என்றேன். தன் கையால்தான் மகன் கெட்டான் என்று தெரிந்தால் அவள் தாங்கமாட்டாள், சோறு இறங்காது என்று நினைத்தேன். அவளைக் காப்பாற்றுகிற வேலையாவது எனக்கு மிச்சமிருந்தது. மற்றபடி பாயில் சுவரைப் பார்த்துக் கிடந்தேன். காகம் பறந்து போவதைப் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை. செத்துப்போகலாமா என்றும் யோசித்திருக்கிறேன். அதற்கும் எழுந்திருக்க வேண்டுமே என்று அலுப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அம்மா விடியற்காலையிலேயே மண்டைக்காட்டுக்குப் போனாள். அரிசிமாவும் வெல்லமும் சேர்த்து அவித்த மண்டையப்பத்தை அம்மனுக்குப் படைத்து, மத்தியானம் ஓலைப்பெட்டியோடு திரும்பி வந்தாள்.

"எழும்பு மக்கா. நேர்ச்சைய முடிச்சாச்சு. இந்தா, தின்னு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நான் பாஸாவணும்னு நேர்ந்தியா? அதான் ஆகலியே. அப்புறம் எதுக்கு அப்பம் அவிச்ச?"

அம்மா என் தலைமாட்டில் உட்கார்ந்தாள். தலைமயிரை ஒதுக்கிவிட்டாள்.

"பாஸாவணும்னு நான் எப்ப நேர்ந்தேன்? எனக்க பிள்ள மேல போவப்பிடாது, தரையில எனக்க கண்ணு முன்னால நிக்கணும், அதுக்காக்கும் நேர்ந்தது. அன்னைக்கு அந்த சாமானம் ஓடினப்ப, எனக்கு உயிரே இல்ல. பாதியில நின்னுச்சு பாத்தியா? அம்மை கேட்டுட்டா மக்கா."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்பா கப்பலேறிய நாளிலிருந்து அவள் முகத்தில் நான் பார்க்காத சிரிப்பு. அப்பத்தைப் பிய்த்து என் வாயில் வைத்தாள். என்னால் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

"திங்களாழ்ச்ச நல்ல நாளாம். கடைக்கு வரச் சொல்லி மாமன் ஆளு விட்டிருக்கான். போவியா?" என்றாள்.

போகிறேன் என்றேன்.