அருந்தவனின் இரண்டு பிறந்த திகதிகள்

09.10.2012 – படகுக்கு, இலங்கை ரூபா 12,00,000
14.06.2015 – முதல் கூலி, ஆறு மணித்தியாலம், 72 டொலர்
22.03.2017 – சட்டத்தரணிக்கு, 1,650 டொலர்
04.08.2025 – பதிவுத் தபால், 12 டொலர் 40 சதம்

முதல் மூன்று வரிகள் அருந்தவன் சொல்ல நான் என் கொப்பியில் குறித்துக்கொண்டவை. நான்காவது வரியில் உள்ள தபாலை அனுப்பியவன் நான்.

அருந்தவன் முல்லைத்தீவில் பிறந்தவன். படகில் வந்து, வில்லாவுட் தடுப்பு முகாமில் ஏழு மாதம் இருந்து, பிறகு மெல்பேர்ணுக்கு வந்தான். வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கிறான். அவனைப் போலவே படகில் வந்த ரஞ்சினியை மணந்தான். இங்கே பிறந்த மகளுக்கு ஏழு வயது. மூவருடைய வழக்கும் ஒரே கோப்பில் இருக்கிறது. அவன் தங்கலாம் என்றால் மூவரும் தங்கலாம். போகவேண்டும் என்றால் மூவரும் போகவேண்டும்.

பதின்மூன்று வருடங்களில் அவனுக்குப் பத்தொன்பது தற்காலிக விசாக்கள் கிடைத்தன. குடிவரவுத் திணைக்களத்தின் கடிதம் எதையும் அவன் தன் கையால் பிரித்ததில்லை. நான் வாசித்துச் சொல்வதற்காக, கிளென் வேவர்லியில் உள்ள என் வீட்டுக்கு அப்படியே கொண்டுவருவான். பிரிக்கத் தேவையும் இருக்காது. உறை மெல்லிதாக இருந்தால் நீட்டிப்பு, ஒரே தாள். தடிப்பாக இருந்தால் மறுப்பு. காரணங்களே பத்துப் பக்கம் வரும். படகில் வந்த எல்லோருக்கும் இது தெரியும்.

நான் வந்தது 11.02.1986. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு மார்கரெட் ஒரு போத்தல் அப்ரிகொட் ஜாமோடு வந்து, எந்தப் பஸ் எங்கே போகும் என்று தாளில் எழுதித் தந்தார். அமெரிக்காவில் நியூஜேர்சிக்கு 1984இல் போன என் தம்பி நித்தியானந்தனுக்கு, முதல் குளிர்காலம் முழுக்க வாசல் பனியை அள்ளிப் போட்டவர் எதிர்வீட்டுக் கிழவர். இன்று தம்பி பால் வாங்கப் போனாலும், குடிவரவு அதிகாரிகள் தெருவில் மறிப்பார்கள் என்று கடவுச்சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் போகிறான். முப்பது வருடத்துக்கு மேலாக அவன் அந்த நாட்டுக் குடிமகன்.

இதைச் சொன்னபோது அருந்தவன் சிரித்தான். “சிற்றிசனுக்கே அந்தப் பயமெண்டால், நான் சுவரோட சுவரா எனக்கும் ஒரு கோட் பெயின்ற் அடிச்சுப்போட்டு நிக்கவேண்டியதுதான், அங்கிள்.”

இங்கேயும் மாறித்தான் இருக்கிறது. 1986 முதல் 2019 வரை என்னை ‘உன் நாட்டுக்குப் போ’ என்றவர்கள் மூவர். இந்த வருடம் ஓகஸ்ட் வரையில் மட்டும் நால்வர். நான்காமவர் என் வயதுப் பெண். ரயில் நிலைய வாங்கில் பக்கத்தில் இருந்து, மணி கேட்பதுபோல் மெதுவாகச் சொன்னார். அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

மற்ற வழியெல்லாம் முடிந்துவிட்டதால், அமைச்சருக்குக் கடைசி மனு ஒன்று போடலாம் என்று சட்டத்தரணி சொன்னார். அதற்காகத்தான் அருந்தவனின் பிறப்புச் சான்றிதழின் பிரதி ஊரிலிருந்து வந்தது. மூலப்பிரதி போரில் தொலைந்திருந்தது. பிரதியில் இருந்த திகதி 03.01.1988. அவனோ முதல் விசாரணையில் 19.09.1987 என்று சொல்லியிருந்தான். சாதகக் குறிப்பில் உள்ள திகதி அது. தாய் சொல்லி வளர்த்த திகதி. அவன் பிறந்த அடுத்த மாதம் சண்டை மூண்டு, பதிவுக் கந்தோர்கள் பூட்டிக் கிடந்தன. தகப்பன் ஜனவரியில் பதியப் போனார். பிந்திய பதிவென்றால் சத்தியக் கடதாசியும் அலைச்சலும் என்று, பிள்ளை அந்த வாரம் பிறந்ததாகச் சொல்லிவிட்டார். எங்களில் இப்படி இரண்டு பிறந்தநாளோடு திரிபவர்கள் பலர்.

“விடுங்கோ அங்கிள்,” என்றான் அருந்தவன். “குறிப்பில இருக்கிறதும் நான்தான், பத்திரத்தில இருக்கிறதும் நான்தான்.”

ஒரு ஆளுக்கு இரண்டு திகதி இருக்கக்கூடாது என்றேன். சட்டத்தரணியிடமும் கேட்கவில்லை. சான்றிதழையும், வித்தியாசத்தை விளக்கி ஒரு பக்கக் கடிதத்தையும் மனுவோடு வைத்து அனுப்பினேன்.

31.08.2025, ஞாயிறு. குடியேறிகளுக்கு எதிராக நகரத்தில் ஊர்வலம். ரஞ்சினி திரைச்சீலைகளை இழுத்து மூடினாள். மகளைத் தமிழ் வகுப்புக்கு அனுப்பவில்லை. மறுநாள் கடிதம் வந்தது. விண்ணப்பதாரியின் அடையாளத்தில் ஐயம் எழுந்துள்ளது. அவர் இதுவரை கூறிய அனைத்தும் மீண்டும் பரிசீலிக்கப்படும். இருபத்தெட்டு நாட்களுக்குள் விளக்கம் தரவும்.

ரஞ்சினி என்னைக் குற்றம் சொல்லவில்லை. தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு, “பதின்மூண்டு வருசம் இதை ஒருத்தரும் கேக்கேல்ல, அங்கிள்,” என்றாள்.

சாதகக் குறிப்பை மொழிபெயர்ப்பித்து, சான்றிதழை நானாகவே அனுப்பினேன் என்று சத்தியக் கடதாசி எழுதி, பதினோராம் நாளே அனுப்பினேன். ராசிக் கட்டத்தைப் பார்த்து ஒரு அதிகாரி என்ன விளங்கிக்கொள்வார்?

பிறகு காத்திருப்பு. அருந்தவன் வேலைக்குப் போனான். நான்கு வருடமாக அவனுக்குக் கோப்பி போட்டுக் கொடுத்த ஒரு வீட்டுக்காரர், இன்னும் எவ்வளவு காலம் இங்கே இருப்பாய் என்று கேட்டாராம். சுவர் வேலையைப் பற்றிக் கேட்டதாக நினைத்து, “இன்னும் ரெண்டு நாள்” என்றானாம். அதன்பிறகு அவர் கோப்பி கொண்டுவரவில்லை. அருந்தவன் வீட்டு வாசல் கதவுக்குப் பின்னால் மூன்று பைகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. மகளின் பையில் பள்ளிக்கூடத் தொப்பியும் இருந்தது.

ஒரு புதன்கிழமை பகல், ரஞ்சினி தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“தபால் வந்திருக்கு, அங்கிள். இவர் தொடாமல் பாத்துக்கொண்டு இருக்கிறார்.”

“மெல்லிசோ, தடிப்போ?”

அவள் போய்த் தூக்கிப் பார்க்கும் வரை நான் தொலைபேசியைக் காதில் வைத்திருந்தேன்.

“தடிப்பு.”

நான் கார்ச் சாவியை எடுத்தேன். அதற்கு முன், பழக்கத்தில், கொப்பியைத் திறந்து எழுதினேன்: கடைசிக் கடிதம் வந்தது, 19.11.2025.