ஆரோக்கிய இல்லத்துச் சாவி

ஜெயகுமாரி அக்காவிடம் சாவி வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. போனில் புக் பண்ணி, ஆதார் அட்டையை நீட்டி, ரிஜிஸ்டரில் கையெழுத்தும் போட்டாலும் சாவி கைக்கு வராது. அவள் கண் முன்னால் கதவை நீங்களே ஒருமுறை திறந்து காட்ட வேண்டும். அதற்கப்புறம்தான் அக்கா படியிறங்குவாள்.

வீடு அவளுடையதில்லை. நசரத்பேட்டையில் ஹைவேயிலிருந்து இரண்டாவது தெருவில் இருக்கும் ஆரோக்கிய இல்லம் குவைத்தில் வேலை பார்க்கும் ரெனிஷுடையது. அப்பா ஆரோக்கியசாமி போன பிறகு அதை நாள் வாடகைக்கு விட்டிருக்கிறான். கல்யாணத்துக்கு வருகிறவர்கள், ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள், பிள்ளையைக் காலேஜில் சேர்க்க வருகிறவர்கள் என்று யாராவது இரண்டு நாள் தங்கிப் போவார்கள். அவர்களை வரவேற்றுச் சாவி கொடுப்பதும் போகும்போது வாங்கி வைப்பதும் அக்காவின் வேலை. நேர் எதிரே என் தையல் கடை. கெஸ்ட் வரும்வரை என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து பிளவுஸுக்கு ஊக்கு வைத்துக் கொடுப்பாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் பதினெட்டு வருஷம் செக்கிங் பார்த்தவள். என் தையலில் ஒரு நூல் பிசகினாலும் அந்தக் கண்ணுக்குத் தப்பாது. எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் சொல்வது சரியாக இருந்து தொலைக்கும்.

"பூந்தமல்லி உள்ள பூந்துடாதீங்க சார், மெட்ரோ வேலை நடக்குது, மாட்டிக்குவீங்க. மேப்பு சொல்றத கேக்காதீங்க, நான் சொல்றத கேளுங்க" என்று போனிலேயே ஆளை இழுத்துக்கொண்டு வந்துவிடுவாள். தன் கெஸ்ட் ஒரு நிமிஷம்கூட வெளியில் நின்றதில்லை என்பது அவள் பெருமை. நாலு வருஷத்தில் அது ஒருமுறையும் பொய்த்ததில்லை.

கதவுதான் கொஞ்சம் வம்பு. ஆரோக்கியசாமி எங்கிருந்தோ தேடிப் பிடித்து வந்த கனமான தேக்குக் கதவு. இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். திறப்பதற்குக் கைப்பிடியை மேலே தூக்கிப் பிடித்து, முழங்காலால் ஒரு தள்ளு தள்ளி, அப்புறம் சாவியை இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். மழைக்காலத்தில் அது இன்னும் மோசம். அப்பா வாங்கிய கதவை மாற்ற ரெனிஷுக்கு மனசில்லை. அதனால்தான் அக்கா இந்தப் பாடம் எடுக்கிறாள்.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் ஆறு மணிப் பூசைக்குப் போய்விட்டு வந்த அக்கா ஒன்பது மணிக்கு ஒரு குடும்பத்தை வரவேற்றாள். ஆவடி ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன மனோகரன், அவர் சம்சாரம் லோகநாயகி, மகள் சுதா. ஆதாரில் சேக்காடு விலாசம். அரை மணி நேரத்தில் இருக்கிறவர்களுக்கு இங்கே எதற்கு வீடு என்று அக்காவுக்கு அப்போதே உறுத்தியிருக்கிறது. இருந்தாலும் பாடத்தை ஆரம்பித்தாள். லோகநாயகி காதில் வாங்கவில்லை. மனோகரன் ஒரு தடவை முயன்று விட்டுவிட்டார். சுதா மட்டும் வாங்கி, தூக்கி, தள்ளி, இரண்டு சுற்றில் திறந்தாள்.

"கெட்டிக்காரி" என்று அக்கா அவள் முதுகில் தட்டினாள்.

உள்ளே போய் கீசர் சுவிட்சைக் காட்டிக்கொண்டிருந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. லோகநாயகி கொண்டுவந்த கட்டைப் பையிலிருந்து துணிமணி வரவில்லை. முருகன் படம் வந்தது, தினசரிக் காலண்டர் வந்தது, சுதா பட்டம் வாங்கிய போட்டோ வந்தது, கடைசியாக ஒரு சுத்தியலும் நாலு ஆணியும் வந்தன.

"ஆணியெல்லாம் அடிக்கக் கூடாதும்மா. இன்னா விசேஷம்?" என்று கேட்டாள் அக்கா.

லோகநாயகி முதலில் மழுப்பினாள். அப்புறம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். பதினொரு மணிக்கு சுதாவைப் பெண் பார்க்க வருகிறார்களாம். பெண்ணுக்கு இருபத்தொன்பது வயது. பேசி வந்த இரண்டு இடமும் சொந்த வீடு இல்லை என்று தட்டிப்போய்விட்டது. குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிய பிறகு சேக்காட்டில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். இந்தத் தடவை தரகர், "நசரத்பேட்டையில சொந்த வீடு" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

"இதுவும் போச்சுன்னா எம் பொண்ணுக்குக் கல்யாணமே இல்லக்கா. நீங்க மட்டும் இன்னிக்கி எங்க ஊட்ல வேலை செய்றவங்க மாதிரி..."

அக்காவுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "நான் எவ ஊட்லயும் வேலைக்காரி இல்ல, இதுக்காவ ஆவவும் மாட்டேன். யாரும் கேக்கலன்னா வாயத் தொறக்க மாட்டேன். யாராச்சும் கேட்டா உள்ளத சொல்லிப்புடுவேன். அவ்ளோதான்." அப்படிச் சொன்னாளே தவிர, அவர்களை வெளியே போகச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

என் கடைக்கு வந்து ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள். எதிரே லோகநாயகி மும்முரமாக இருந்தாள். கேட்டில் வீட்டுப் பேரும் அக்காவின் போன் நம்பரும் எழுதிய சின்ன போர்டு இருந்தது. அதன் மேலேயே மாவிலைத் தோரணத்தைக் கட்டினாள். ஹாலில் ஆரோக்கியசாமி படத்தை இறக்க அக்கா விடவில்லை. அதனால் முருகனை அவர் முன்னால் சாய்த்து வைத்திருக்கிறார்களாம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"சிரிக்காத ஹெலினா. அந்தப் பொண்ணு மொகத்த நீ பாக்கல. காலையிலேர்ந்து ஒரு வார்த்த பேசல" என்றாள் அக்கா. அதற்கப்புறம் எனக்கும் சிரிப்பு வரவில்லை.

பதினொன்று அடித்துப் பத்து நிமிஷத்தில் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து கார் வந்தது. பையன் தேவா, கார் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர், அவனே ஓட்டி வந்தான். கூடவே அவன் அம்மா வேம்புலியம்மாள். குரலிலேயே தெருவை எழுப்பும் மனுஷி. மனோகரனும் லோகநாயகியும் கேட்டுக்கு ஓடி வந்து கை கூப்பினார்கள்.

அப்போது சுதா வாசலுக்கு வந்தாள். பெண் பார்க்க வருகிற அன்று பெண் உள்ளே அல்லவா இருக்க வேண்டும்? பட்டுப் புடவை, தலை நிறையப் பூ, தோளில் ஹேண்ட்பேக். படியில் நின்று, கையைப் பின்னால் கொண்டுபோய்க் கதவை இழுத்துச் சாத்தினாள். டக்கென்று பூட்டு விழுந்த சத்தம் என் கடை வரைக்கும் கேட்டது.

"காத்து" என்று லோகநாயகி சிரித்துச் சமாளித்தாள். அன்று காற்றே இல்லை. நானும் அக்காவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

லோகநாயகி முந்தானை முடிச்சிலிருந்து சாவியை எடுத்துச் சுற்றினாள். கதவு அசையவில்லை. மனோகரன் சுற்றினார். மறுபடி லோகநாயகி. சுதா பக்கத்திலேயே நின்றாள். காலையில் அதே கதவை ஒரே தடவையில் திறந்தவள் சும்மா நின்றாள்.

"இன்னா சம்மந்தி, சொந்த ஊட்டுக் கதவே தொறக்க மாட்டேங்குது?" என்று வேம்புலியம்மாள் வேடிக்கையாகத்தான் கேட்டாள். மனோகரன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, கொஞ்சம் வாங்களேன்" என்று லோகநாயகி எங்கள் பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள்.

"போவாத, உனக்கெதுக்கு வம்பு?" என்று நான் அக்காவின் கையைப் பிடித்தேன்.

"என் கெஸ்ட்டு வெளிய நிக்கிறாங்க" என்று உதறிவிட்டு எழுந்து போனாள். பின்னாலேயே நானும் போனேன், மெஷினை அப்படியே விட்டுவிட்டு.

அக்கா சாவியை வாங்கினாள். அவள் நினைத்தால் ஒரு நொடியில் கதவு திறந்திருக்கும், கேசரியும் பஜ்ஜியும் பரிமாறியிருப்பார்கள், பொய்யும் நிலைத்திருக்கும். அவள் திறக்கவில்லை. சுதாவின் கையைப் பிடித்து உள்ளங்கையில் சாவியை வைத்தாள்.

"உனக்குத் தொறக்க வரும். தொறக்கிறதும் வுடுறதும் உன் இஷ்டம்மா."

சுதா அந்தச் சாவியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதை அக்காவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஹேண்ட்பேக்கைத் திறந்து வேறொரு சாவியை எடுத்தாள். சிவப்புக் கயிறு கட்டிய சின்னப் பித்தளைச் சாவி.

"அத்தை, எங்க ஊட்டுச் சாவி இதுதான். ஊடு சேக்காட்டுல கீது. மாடியில ரெண்டு ரூமு, அதுவும் வாடகைதான். இது இன்னிக்கி ஒரு நாளைக்கு எடுத்த ஊடு. என்னைப் பாக்கத்தானே வந்தீங்க, அங்க வந்து பாருங்க. புடிக்கலன்னா காபி குடிச்சிட்டு கெளம்பிடுங்க."

லோகநாயகி வாயைப் பொத்திக்கொண்டாள். வேம்புலியம்மாள் சட்டென்று அக்கா பக்கம் திரும்பினாள்.

"நீ யாரும்மா?"

"இந்த ஊட்டுச் சாவி வச்சிக்கீறவ. வர்றவங்களுக்குத் தொறந்து வுடுறவ."

"இந்தப் பொண்ணு சொல்றது நெசமா?"

"நெசம். காலைல ஒம்போது மணிக்குதான் வந்தாங்க. மூணு பேர்ல இந்தக் கதவ ஒழுங்கா தொறந்தது இவ ஒருத்திதான்."

தேவாதான் முதலில் வாயைத் திறந்தான். "சேக்காட்டுக்கு எவ்ளோ நேரம் ஆவும்?" என்று, அம்மாவையல்ல, அக்காவைக் கேட்டான்.

அக்காவுக்கு இது போதாதா? "அவுட்டர் ரிங் ரோட்ல ஏறுங்க, நெமிலிச்சேரியில எறங்குங்க. அரை மணி நேரம். மேப்ப பாக்காதீங்க, பொண்ண முன்னாடி ஒக்கார வச்சிக்கோங்க, வழி சொல்லும்" என்றாள். வேம்புலியம்மாள் தானே பின்சீட்டுக் கதவைத் திறந்தாள். எல்லோரும் காரில் ஏறினார்கள். சுதாவை முன்சீட்டில் உட்கார வைத்ததே ஒரு வெற்றி மாதிரி எனக்குத் தோன்றியது.

அன்று சாயங்காலம் மனோகரன் மட்டும் கட்டைப் பையை எடுக்க வந்தார். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. "சாப்ட்டாங்க. சொல்லி அனுப்புறோம்னு போய்ட்டாங்க" என்றார். முந்தைய இரண்டு இடத்திலும் இதையேதான் சொன்னார்களாம். அதற்கப்புறம் மூன்று வாரம் அக்கா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அவள் வைத்த ஊக்கெல்லாம் கோணல். செய்தது சரியா என்று அவள் யோசித்து நான் பார்த்தது அந்த மூன்று வாரம்தான்.

கார்த்திகையில் ஒரு மத்தியானம் அவள் போன் அடித்தது. ஸ்பீக்கரே தேவையில்லாத குரல்.

"ஆரோக்கிய இல்லமா? வேம்புலியம்மா பேசறேன். தையில கல்யாணம். எங்க ஜனம் தங்குறதுக்கு ரெண்டு நாளைக்கு ஊடு வேணும்."

அக்கா எழுந்து நின்றுவிட்டாள். ஆனால் குரலில் ஒரு பிசிறு இல்லை. "எத்தினி பேரு? எட்டு பேருக்கு மேல ஆவாது. ஆணி அடிக்கக் கூடாது. சாவி வாங்க யாரு வருவாங்க? கதவு தொறக்கக் கத்துக்கணும்."

"கத்துக்கிறதுக்கு இன்னா கீது? எம் மருமவளே வந்து வாங்கிக்கிறேன்னுட்டா."

போனை வைத்துவிட்டு ரிஜிஸ்டரை எடுத்துத் தேதி போட்டு, வருகிறவர் பெயர் என்ற இடத்தில் சுதா என்று எழுதினாள். எழுத்தின் மேல் ஒரு சொட்டுக் கண்ணீர் விழுந்து மை கலைந்தது.

"இன்னா பாக்கிற? தையலப் பாரு, கோணிக்கினு போவுது" என்று என்மேல் எரிந்து விழுந்தாள். கோணித்தான் போயிருந்தது. எனக்கும் கண் மறைத்திருந்தது.